14566-க்கும் 14567-க்கும் நடுவில்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாளில் செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவர்களே, பின்னால் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்களே, தாத்தாக்களே, எல்லோருக்கும் ஜெய்பீம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது வரிசையில் எட்டு நாற்காலி காலியாக இருப்பதை நானே எண்ணினேன். நம் பிள்ளைகள் இரண்டு பேர் போய் "மேல வந்து உக்காருங்க ஆயா" என்று கூப்பிட்டார்கள். "இருக்கட்டும் சாமி, எங்களுக்கு இதான் சௌரியம்" என்று பதில் வந்தது. கொஞ்சும்போதும் சாமி என்பார்கள். இது அந்தச் சாமி இல்லை. மடியில் போட்டு வளர்த்த தெருப் பிள்ளைதான், ஆனால் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருக்கிறான், கையில் காகிதக் கட்டு வைத்திருக்கிறான். அப்படி வந்து நின்றவர்களை ஐம்பது வருஷமாக என்னவென்று கூப்பிட்டார்களோ அதே சொல் வாயில் வந்துவிட்டது. நான் இன்று பேச வந்த விஷயம் அந்தச் சுவரோரத்தில்தான் இருக்கிறது.

1945 செப்டம்பர் 18-இல் இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார். எண்பது ஆண்டு ஆகிவிட்டது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து 1893-இல் 'பறையன்' பத்திரிகை நடத்தியவர். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். இதெல்லாம் நாம் மேடைக்கு மேடை சொல்வதுதான். சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது அம்பேத்கருக்கு 39 வயது. கூடப் போன நம்மவருக்கு எழுபதைத் தொட்ட வயது. 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939-இல் வெளிவந்தபோது எண்பது நெருங்கிவிட்டது. இன்று நம் தெருக்களில் அந்த வயதுக்காரர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள், யார் கையால் சாப்பிடுகிறார்கள், சாப்பிடுகிறார்களா என்று பேசுவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய நினைவஞ்சலி என்று நினைத்தேன்.

அரசுக் காகிதங்களில் இதற்கு 'முதியோர் துன்புறுத்தல்' என்று பெயர். நான் வன்கொடுமை என்றே சொல்லப்போகிறேன். அந்தச் சொல்லை நாம் வெளியே இருந்து வரும் அடிக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் நடப்பதற்கும் அதைச் சொன்னால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

உலகம் இதைப் பேசத் தொடங்கியே ஐம்பது வருஷம்தான் ஆகிறது. 1975-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். குழந்தைகளை வீட்டில் அடிப்பதைப் பற்றி வாரந்தோறும் பேசுகிறோம், கிழவிகளையும் அடிக்கிறார்கள், அதை எப்போது கவனிக்கப்போகிறோம் என்பது அதன் சாரம். 2002-இல் டொரண்டோ பிரகடனம் ஒரு வரையறை கொடுத்தது. அதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம்பிக்கை வைத்திருக்கும் ஒரு உறவுக்குள், ஒருமுறையோ பலமுறையோ செய்யும் செயலால், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதால், முதியவருக்கு வரும் தீங்கும் மனவேதனையும்தான் இந்தக் கொடுமை. ஜூன் 15-ஐ இதற்கான நாளாக ஐ.நா. பொதுச்சபை 2011-இல் அறிவித்தது. அறுபது வயது தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் இதை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே சொல்லப்படுவது இருபத்து நாலில் ஒன்று.

வரையறை நல்ல வரையறைதான். அடிப்பது மட்டும் கொடுமை இல்லை, சோறு போடாமல் விடுவதும் கொடுமை என்று அது சொல்கிறது. ஆனால் அதில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. நம்பிக்கை. நம்பிக்கை வைத்த உறவு என்றால் மகன், மகள், மருத்துவர், செவிலியர். ஐம்பது வருஷம் ஒரே பண்ணையில் ஏர் ஓட்டி, முதுகு வளைந்தபின் "நாளையிலேர்ந்து வராத" என்று அனுப்பப்பட்ட கிழவருக்கும் அந்தப் பண்ணைக்கும் இருந்தது என்ன உறவு? எழுபது வயதுக்காரரை ஊர்த்தெருப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி "டேய்" என்று கூப்பிடுகிறானே, அங்கே நம்பிக்கை ஏது, முறிவதற்கு? நம் கிழவர்கள் வாழ்நாளில் பட்ட முதல் அவமானம் இந்த வரையறைக்குள் வராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் என்பீர்கள். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பிறர் பார்வைக்கு எட்டும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. ஒரு பையனின் "டேய்"க்காக எந்தக் கிழவர் காவல் நிலையம் போயிருக்கிறார்?

இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 14566. முதியோர் உதவிக்கு 14567. கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. எழுபது வயதுத் தலித் கிழவி எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். ஊரில் பட்டது ஒரு எண்ணுக்கு, வீட்டில் பட்டது இன்னொரு எண்ணுக்கு. அவருக்கு அது ஒரே உடம்பு.

வெளியே "டேய்" கேட்டு வீட்டுக்கு வந்த அந்தக் கிழவரை வீட்டில் நாம் என்னவென்று கூப்பிடுகிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே தோழர்கள் சிலர் நெளிவார்கள் என்று தெரியும். "இதையெல்லாம் மேடையில பேசினா ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா? பெத்தவங்களுக்குச் சோறு போடாத ஜனம்னு சொல்ல மாட்டானா?" என்று ஒரு தோழர் நேற்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டார். அவர் பயம் நியாயமானது. நம்மைப் பற்றிய எந்தக் கெட்ட செய்தியும் நம் சாதியின் குணமாக மாறிவிடும், அவர்களைப் பற்றிய கெட்ட செய்தி தனிமனிதக் குற்றமாகவே இருக்கும். ஆனால் தலைக்கூத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்திகள் வந்து நாடே பேசியது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீர் மேல் இளநீராகக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியதும் உண்டு. 'பாரம்' என்ற படம் அதைப் பற்றித்தான், 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அந்தப் பழக்கத்தை எந்த ஒரு சாதியின் தலையிலும் கட்ட முடியாது. வறுமை இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வலி குறைக்கும் மருத்துவம் இல்லை. இதை நோய் என்று சொல்லாமல் வழக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நாமும் அப்படி ஏதோ ஒன்றைப் பழகியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டியது நம் வேலை. சிரிப்பவன் சிரிக்கட்டும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் இது திருட்டுப் பேச்சாகிவிடும்.

அம்மா கூலி வேலை செய்தவள். மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய்ந்து, நடவு நட்டு, களத்தில் தூற்றி எங்கள் நாலு பேரை ஆளாக்கினாள். அச்சுக்குக் கொடுக்கும்போது 'செய்தவர்' என்று திருத்தலாமா என்று தோன்றியது. மேடையில் வாய் 'அவள்' என்றுதான் சொல்லிற்று, அப்படியே இருக்கட்டும். காலனியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்று அம்மா பெயரில் இருந்தது. ஒரு அறை, ஒரு சாய்ப்பு. அவள் பெயரில் இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். 2004-இல் அதை என் பெயருக்கு எழுதி வாங்கினேன். தம்பி குடிக்கிறான், அவன் கைக்குப் போனால் அடமானம் வைத்துவிடுவான், என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை.

பேங்க் வேலை என்று சொல்லி அம்மாவை ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். சார்பதிவாளர் முன்னால் நிறுத்தினார்கள். சம்மதம்தானா என்று அவர் முறைப்படி கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை நீட்டி, "எங்கப்பா வைக்கணும்?" என்றாள். வைத்துவிட்டு மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் கைநாட்டு வைத்தது, எனக்குத் தெரிந்து, அக்கா கல்யாணக் கடனுக்காகப் பண்ணைக்காரர் நோட்டில். அங்கேயும் எதில் வைக்கிறோம் என்று கேட்டிருக்க மாட்டாள். எங்கே வைக்கணும் என்றுதான் கேட்டிருப்பாள்.

வீடு என் பெயருக்கு வந்ததும் தம்பி, "யாருக்கு எழுதிக் குடுத்தியோ அவன்கிட்ட போ" என்று சொல்லிவிட்டான். நான் மாதம் ஐந்நூறு ரூபாய் தம்பி மனைவி கையில் கொடுத்து அம்மாவை அங்கேயே இருக்கவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, திண்ணையில் உட்காரவைத்திருப்பார்கள். "எனக்கின்னா, நல்லாத்தான் இருக்கிறேன்" என்பாள். நானும் திரும்பி வந்துவிடுவேன். ஒருமுறை சொல்லாமல் ஒரு வியாழக்கிழமை போய்விட்டேன். மாட்டுச் சாய்ப்பில் கோணி விரித்துப் படுத்திருந்தாள். பேன் என்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாங்கிப்போன இட்லியைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏம்மா என்றேன். "ராத்திரிக்கு" என்றாள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அதுங்கள ஒண்ணும் கேட்டுடாதப்பா. நீ பூடுவ. நான் இங்கதான இருக்கணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் ஒரு வன்கொடுமைக் கண்டனக் கூட்டம். நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அம்மாவை என்னோடு கூட்டிவர அதற்குமேல் எட்டு மாதம் ஆயிற்று. மாடி வீடு, படி ஏற மாட்டாள், நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்று காரணங்கள் இருந்தன. காரணம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? தம்பி மனைவியைக் குற்றவாளியாக்கிக் கதையை முடிப்பது எனக்குச் சுலபம். அந்தப் பெண் காலையில் களைவெட்டப் போய், வந்து சமைத்து, குடிகாரப் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, அதற்குமேல் என் அம்மாவின் துணியையும் அலசினாள். நான் அலசவில்லை. கொடுமைக்கார மருமகள் என்ற கதை நம் சினிமாவிலும் தெருவிலும் நிறைய ஓடுகிறது. நான் பார்த்த வீடுகளில் மலம் துடைப்பவர் பெண், கைநாட்டு வாங்குபவர் ஆண்.

இலக்கிய அமைப்பின் மேடை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் இலக்கியத்தில் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் குறைவே கிடையாது. பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது, அதில் அழகிரி. பாமாவின் 'சங்கதி'யில் வெள்ளையம்மாப் பாட்டி. பாட்டி வாயிலிருந்து வராத கதை நம்மிடம் எத்தனை? வாய்மொழி வரலாறு என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டேப் ரெக்கார்டரோடு தெருத்தெருவாகப் போனோம். நானும் போனேன். பஞ்சமி நிலம் எது, எந்த வருஷம் யார் பிடுங்கினார்கள், ஏரி எந்தப் பக்கம் உடைந்தது, எல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு ஆயா மூன்று மணி நேரம் ஒப்பாரி பாடினார். அதைப் பதிவு செய்தேன், கட்டுரை எழுதினேன். அவர் கையில் மணிக்கட்டுக்கு மேலே நீலமாக ஒரு தழும்பு இருந்தது. விழுந்துட்டேன் என்றார். பாட்டுக்கு நடுவில் ஒலிநாடாவைத் திருப்பிப் போட வேண்டியிருந்ததால் மேலே கேட்கவில்லை.

எப்படி அடையாளம் காண்பது? மாணவர்கள் இதைக் கேட்டிருந்தார்கள். "விழுந்துட்டாங்க" என்ற சொல்லில் தொடங்குங்கள். வயதானவர்கள் விழுவார்கள், உண்மை. விழுந்தால் முழங்கால், முழங்கை, இடுப்பு. மேல்கையின் உட்பக்கம் விரல் பட்ட மாதிரி கன்றிப்போயிருந்தால், இரண்டு கையிலும் ஒரே இடத்தில் இருந்தால், அது விழுந்ததில்லை. நீங்கள் ஒன்று கேட்டதும் பதில் சொல்வதற்கு முன் அவர் வீட்டில் இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறாரா? அவருக்காக எப்போதும் வேறொருவரே பதில் சொல்கிறாரா? உடைந்த கண்ணாடி ஆறு மாதமாக உடைந்தபடியே இருக்கிறதா? சர்க்கரை மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கிவர ஆள் இல்லாமல் நின்றுபோயிருக்கிறதா? எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் அவருக்கா? பாத்ரூம் போக ஆள் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாரா? இது யாரும் அடிக்காமல் நடக்கும் கொடுமை, அதனால் யாருக்கும் தெரியாது.

பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மராட்டியத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைக் காட்டுவார்கள். நாலாவதாகச் சக்கிலி துர்க்கம் என்று ஒரு சின்னக் குன்றும் கோட்டைக்குள் உண்டு, அதைக் கேட்டால்தான் காட்டுவார்கள். இருக்கட்டும், நான் சொல்ல வந்தது அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒரு ஆயாவைப் பற்றி. வெயில் சாயும்போது பேரன் வண்டியில் வருவான். இறங்க மாட்டான். ஆயா சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுப்பார், அவன் எண்ணிவிட்டு இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுப்பான். "பேரன் நல்லவன், பணத்தப் பத்திரமா வச்சிக்கிறான்" என்று அவர் என்னிடம் சொன்னார். நானே சொன்ன சொல், பத்திரம். அவருடைய உதவித்தொகை ஏடிஎம் அட்டையும் பேரனிடம்தான். அட்டை யாரிடம் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அடிபட்ட தழும்பை மறைப்பவர்கள்கூட இதை மறைக்க மாட்டார்கள், இதைக் கொடுமை என்று அவர்கள் நினைப்பதில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது, அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-இல். கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். செஞ்சிக்காரர்களுக்குத் திண்டிவனம். வெள்ளைத்தாளில் மனு போதும், வக்கீல் தேவையில்லை. மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன் பேத்தி மீதும் மனு கொடுக்கலாம். நோட்டீஸ் போன தேதியிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித்தரலாம். கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. இங்குள்ள மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஐந்தாவது பிரிவு. முதியவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ பதிவு பெற்ற சங்கமோ அவருக்காக மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவேகூட எடுத்துக்கொள்ளலாம். நம் தெருவில் பதிவு பெற்ற மன்றம் எத்தனை இருக்கிறது! கிரிக்கெட் போட்டி நடத்தவும் கோப்பை கொடுக்கவும் மட்டும்தான் பதிவா?

23-ஆவது பிரிவு என் மாதிரி ஆட்களுக்காக எழுதியது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதி ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா என்பதில் பெரிய வழக்காடல் நடந்தது. 2022-இல் உச்சநீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று சொல்லி, தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் ரத்தானதை உறுதி செய்தது, வீட்டைத் திருப்பி ஒப்படைக்கவும் சொன்னது. செட்டில்மென்ட் எழுதும்போதே "கடைசிவரை பராமரிப்பார் என்பதால்" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு எழுதிய பத்திரத்துக்குத்தான் இது பொருந்தும். 2004-இல் எழுதிய என் அம்மாவுக்குப் பொருந்தாது. நான் தப்பித்தேன்.

ஆனால் இந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதியது என்று பாருங்கள். பிள்ளை இல்லாதவர் தன் 'உறவினர்' மீது மனு கொடுக்கலாம். உறவினர் என்றால் யார்? அவருடைய சொத்தை வைத்திருப்பவர், அல்லது அவருக்குப் பின் அதை அடையப்போகிறவர். சொத்தே இல்லாத, பிள்ளையும் இல்லாத ஒரு ஆயாவுக்கு இந்தச் சட்டத்தின் கண்ணில் உறவினரே கிடையாது. நம் தெருவில் அப்படி எத்தனை பேர்! பிள்ளை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போனவனை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் படுப்பவனைக் கூப்பிட்டு மாதம் எவ்வளவு தருவாய் என்று தீர்ப்பாயம் கேட்டால் என்ன சொல்வான்? மாதச் சம்பளம் வாங்கும் மகனுக்காக எழுதிய சட்டம் இது. என் மாதிரி மகனுக்கு.

அதனால் நம் மக்களுக்குப் பெரிய கேள்வி முதியோர் உதவித்தொகைதான். தமிழ்நாட்டில் 2023-இல் அது 1,200 ரூபாய் ஆனது. நாளுக்கு நாற்பது ரூபாய். இதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே 200 ரூபாய். அறுபது வருஷம் நாட்டுக்குச் சோறு போட்டவருக்கு நாட்டின் பங்கு நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. மனுவோடு போனால் முதல் கேள்வி, "உனக்குத்தான் மகன் இருக்கானே?" மகன் இருக்கிறான். சோறு போடுகிறானா என்பதை யாரும் வந்து பார்ப்பதில்லை. உறவுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது கொடுமை என்று டொரண்டோவில் எழுதினார்களே, அந்த வரியில் அரசையும் சேர்க்க வேண்டும் என்பேன். நாம் ஓட்டுப் போட்டது நம்பிக்கையில்தானே.

கண்டுபிடித்தபிறகு என்ன செய்வது? முதலில் ஒன்று செய்யாதீர்கள். ஆவேசமாகப் போய் வாசலில் நின்று மகனைத் திட்டாதீர்கள். நம் இளைஞர்களுக்கு அது கைவந்த கலை. நீங்கள் திட்டிவிட்டு வந்துவிடுவீர்கள், இரவில் கதவு சாத்தியபிறகு அதன் விலையைக் கொடுப்பது அந்த ஆயா. அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னது அதுதான். இரண்டு மூன்று முறை சும்மா போங்கள். அவரைத் தனியாகப் பார்க்க வழி தேடுங்கள், ரேஷன் கடைக்கு நீங்கள் அழைத்துப்போகலாம், கண் பரிசோதனை முகாமுக்கு அழைத்துப்போகலாம். அடிக்கிறார்களா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். பெரும்பாலும் போலீசும் வேண்டாம், முதியோர் இல்லமும் வேண்டாம் என்பார். மாத்திரை வாங்கித்தந்தால் போதும் என்பார், அட்டையைத் திருப்பி வாங்கித்தா என்பார், மகளிடம் பத்து நாள் கொண்டுபோய் விடு என்பார். அதைச் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பார்த்துக்கொள்கிற பெண்ணிடமும் உட்கார்ந்து பேசுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து வலிநிவாரணச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் தர வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைத்தால் வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பெண்ணுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நாலு இளைஞர்கள் முறை போட்டு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினால் என்ன? ஆண் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வருவதற்கும் பதில் வேண்டும். ஒரு கிராமத்தில் நம் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள், ஊர்ப் பெயர் வேண்டாம். டீக்கடையில் தாத்தாவை ஒரு பையன் "டேய்" என்றதும், கூட்டமாகப் போகாமல் பள்ளி ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்தார்கள், ஒரு நகல் பையனின் அப்பாவுக்கு. வேறொன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகு பையன் அந்தத் தாத்தாவை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாத்தா என்று கூப்பிட இன்னும் வாய் வரவில்லை போலிருக்கிறது. தாத்தாவுக்கு அதுவே போதுமாம்.

நேரமாகிவிட்டது. வாசல் மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன. சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேர் கூட்டம் கேட்க வரவில்லை, மனு எழுத வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு உதவித்தொகை நின்று ஏழு மாதம் ஆகிறது. இன்னொருவர் விஷயத்தை நான் இங்கே சொல்லக் கூடாது. கையெழுத்து நன்றாக இருக்கும் மாணவிகள் இரண்டு பேர் அவர்களோடு உட்காருங்கள். கூட வந்த உறவினர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். எழுதி முடித்ததும் முழுவதையும் படித்துக் காட்டுங்கள், பிறகு கைநாட்டு வாங்குங்கள். வரும் திங்கட்கிழமை யார் அவர்களை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் பஸ் ஏற்றி அழைத்துப்போவது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். டீ வந்துவிட்டது என்கிறார்கள். முதல் தட்டு சுவரோரம் போகட்டும்.

ஜெய்பீம்.